கெப்டன் ஆழியனைக் கொன்றவள்

றிக்சன் நீட்டின புது விசிட்டிங் காட்டில, அவன்ர பேருக்குக் கீழ, "பிரபஞ்ச முகாமையாளர்" எண்டு அடிச்சிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுத் திரும்ப வாசிச்சன். அப்பவும் அதேதான் இருந்தது.

"முழுப் பிரபஞ்சமுமோ தம்பி, இல்லாட்டி எங்கட பக்கம் மட்டுமோ?"

"பகிடி விடாதேங்கோ அன்ரி. 'அந்தரத்துறை'ப் பிரபஞ்சம்."

பாலையூற்றுப் பெடியன். தேப்பனின்ர வாகனத்துக்கு வரி கட்ட மறந்து, போன மாசமும் பொலிசில மாட்டுப்பட்டவன். அவனை நம்பித்தான் கொழும்புக் கொம்பனி எட்டுக் கிரகத்தையும் மூண்டு சூரியனையும் குடுத்து வைச்சிருக்குது. சரி, எனக்கென்ன.

'அந்தரத்துறை' தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். ஆகாயத்தில ஒரு பெரிய துறைமுகம். எல்லாக் கிரகத்துக் கப்பலும் அங்கதான் வந்து கட்டும். அதில 'கடற்குதிரை' எண்டொரு கப்பல். அதின்ர கெப்டன் ஆழியன். நான் பள்ளிக்கூடம் போகேக்க ரேடியோ நாடகமாத் துவங்கினது. பேந்து வாரப் பத்திரிகையில தொடர், பேந்து படக்கதை, சண்டை முடிய யூரியூப். கதையும் முடியேல்ல, கெப்டனுக்கு வயசும் போகேல்ல. திருகோணமலையில இதைக் கேக்காமல் வளந்தனான் எண்டு ஒருத்தர் சொன்னா, அவர் பொய் சொல்லுறார்.

இதை உண்டாக்கினவர் சூசைப்பிள்ளை மாஸ்டர். பள்ளிக்கூடத்தில கணக்கியல் படிப்பிச்சவர். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் ஒரு சோலியும் இல்லை. அவர்ர விண்கப்பலில கொடி காத்தில ஆடும். கெப்டன் யன்னலைத் திறந்துபோட்டுச் சுருட்டுப் பத்துவார். ஒரு கிழமை கெப்டனின்ர இடது கை துண்டாப் போச்சுது. அடுத்த கிழமை ரெண்டு கையாலையும் கடதாசி பிரிச்சுச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் மறந்துபோனார், வேறொண்டுமில்லை. ஆனா ரசிகர்மார் விடுவினமோ? அந்தக் கிரகத்துத் தண்ணி பட்டாக் கை முளைக்குமெண்டு கனடாவில இருந்து ஒருத்தர் நீட்டுக் கட்டுரை எழுதினார். இப்ப அது சட்டம். நான் எழுதுற நாவலில ஆருக்காவது கை போனா, தண்ணி தெளிக்காமல் விடேலாது.

ஓம், நான்தான் எழுதுறனான். மாஸ்டர் எழுதி எத்தினையோ வருசம். கொம்பனி அவரிட்ட உரிமையை வாங்கி, பழைய கதைக்குப் பக்கத்தில பக்கத்தில புதுசு புதுசா நாவல் போடப் போறம் எண்டு வெளிக்கிட்டுது. சமையல்காரனின்ர இளமைக் காலத்துக்கு ஒண்டு. கப்பல் கட்டின கதைக்கு ஒண்டு. கெப்டன் ஒருக்காக் காய்ச்சலில படுத்துக் கிடந்தவரெல்லோ, அந்தக் காய்ச்சலுக்கு ஒண்டு. எழுத ஆள் வேணும். நான் துறைமுகத்தடியில ஒரு கப்பல் ஏஜென்சியில சரக்குப் பத்திரம் ரைப் பண்ணுறனான். வயசு ஐம்பதைத் தாண்டிப் போச்சு. இருபது வயசில இருந்து சிறுகதை எழுதுறன், அங்கினைக்க இங்கினைக்க வந்திருக்கு. ஆனா ஒரு புத்தகம்? இல்லை. ஒரு புத்தகத்தின்ர மட்டையில இன்பமலர் எண்ட பேரைப் பாத்திட்டுச் சாகவேணும், அவ்வளவுதான் என்ர ஆசை. அதுக்காகத்தான் இந்தக் கண்டறியாத கிரகங்களுக்க இறங்கினனான்.

மூண்டு நாவல் எழுதிக் குடுத்தன். மூண்டிலையும் மட்டையில "சூசைப்பிள்ளையின் அந்தரத்துறை" எண்டு எழுத்து. கப்பலின்ர பாதியை எழுத்து மறைச்சுப் போட்டுது. என்ர பேர் எங்கயெண்டு தேடினன். உள்ளுக்கு, அச்சகத்து விலாசத்துக்குக் கீழ, "தட்டச்சு உதவி: இன்பமலர்" எண்டு கிடந்தது. பத்திக்கொண்டு வந்தது எனக்கு. றிக்சனுக்குப் போன் எடுத்து, நான் பாவிச்ச சொல்லுகளை இங்க எழுதினா நல்லாயிருக்காது.

அதுக்குத்தான் இண்டைக்கு ஆள் நேரில வந்திருக்குது. கதிரையில நுனியில இருந்துகொண்டு, நான் குடுத்த பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடிச்சான்.

"அன்ரி, நாலாவது புத்தகத்தில மட்டையில உங்கட பேர்."

நான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டன்.

"ஆனா கெப்டன் சாகவேணும்."

"ஆர்? ஆழியனோ?"

"இளம் பிள்ளையளுக்கு அந்தாளைப் பிடிக்கேல்ல அன்ரி. கொம்பனி ஆராய்ஞ்சு பாத்தது. கெப்டனின்ர மருமகளை வைச்சுக் காட்டூன் செய்யப் போறம். மனுசன் இருக்கும் வரைக்கும் மருமகள் எப்பிடிக் கப்பலோட்டுறது?"

"மாஸ்டர் எழுதட்டுமே."

றிக்சன் கோப்பையை வைச்சான். "மாஸ்டர் பயப்பிடுறார். சந்தையில சனம் கல்லால எறியுமாம்."

அப்பதான் எனக்கு விளங்கிச்சு. மூண்டு புத்தகத்துக்கு இல்லாத பேர் நாலாவதுக்கு ஏன் வருகுதெண்டு. கொலை நடந்தாக் கூட்டில ஏத்த ஒரு எதிரி வேணும், எதிரிக்கு ஒரு பேர் வேணும். என்ன பெருந்தன்மை பாருங்கோ. எண்டாலும் உள்ளதைச் சொல்லுறன், எனக்குச் சந்தோசம்தான், ஒரே புளுகமா இருந்தது. அவன் போனாப் பிறகு குசினிக்க நிண்டு தனியச் சிரிச்சன்.

கொம்பனியிட விதிகள் கொஞ்சமோ! கெப்டன் வெடிச்சுத்தான் சாகவேணும், வெளிச்சத்தோட. உண்மையான இடம் ஒண்டும் வரப்படாது. சாமி வரப்படாது. சோதனைச்சாவடி வரப்படாது. அழுகை அரைப் பக்கத்துக்கு மேல போகப்படாது. விடிய வெள்ளன எழும்பி, வேலைக்குப் போக முன்னம் இருந்து எழுதிப் பாத்தன். ஒருக்காச் சூரியனில மோத விட்டன். ஒருக்காக் கப்பலுக்க குண்டு வைச்சன். வாசிச்சா, கார்த்திகை விளக்கீட்டுக்குப் பட்டாசு கொளுத்தின மாதிரி இருந்தது. கிழிச்சு அடுப்புக்க போட்டன்.

பேந்தொருநாள் ஏஜென்சியில என்னைப் பத்திரங்களோட சீனன்குடாப் பக்கம் அனுப்பினவை. உள்ளுக்குப் போக ஒரு காவல் வாசல். வாசலில நிண்டவன் நல்ல பெடியன். "உள்ளுக்கு அனுமதி கேட்டிருக்கு மிஸ், கொஞ்சம் பொறுங்க" எண்டான். பொறுத்தன். வெயில் தலையைச் சுட்டுது. எனக்கு முன்னால ஒரு லொறிக்காரன், அவனும் பொறுத்துக்கொண்டு நிண்டான். பெடியன் எங்களுக்குத் தண்ணி கூடக் கொண்டுவந்து தந்தான். ஒருதரும் ஒருதரையும் ஏசேல்ல. மத்தியானம் போய்ப் பின்னேரமாச்சு. லொறிக்காரன் சொன்னான், "அக்கா, இந்த வாசல் கட்டேக்க கல்லு ஏத்தினதே என்ர லொறியிலதான்." அந்த இடத்தில எனக்குக் கெப்டனின்ர சாவு கிடைச்சுது.

கெப்டன் நெடும்பயணம் போயிட்டுத் தன்ர துறைக்குத் திரும்பி வாறார். கப்பலில காத்துக் குறைஞ்சு போச்சுது. துறையில இருந்து சொல்லுகினம், "கெப்டன், உங்கட பத்திரம் பழசு. மேல கேட்டிருக்கிறம், கொஞ்சம் பொறுங்கோ." அந்தத் துறை மேடையைக் கட்டினதே அவர்தான். கதைக்கிற அதிகாரியை அவருக்குப் பேர் சொல்லித் தெரியும். அதிகாரியும் மரியாதையாத்தான் கதைக்கிறார், பிள்ளையள் சுகமோ எண்டும் கேக்கிறார். கெப்டன் தன்ர பங்குக் காத்தைச் சமையல்காரனுக்கும் மற்றாக்களுக்கும் குடுத்திட்டு, கண்ணாடிக்குள்ளால துறையின்ர வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டிருந்து சாகிறார். அனுமதி பேந்து வருகுது. எழுதி முடிச்சு நானே அழுதன். கர்வமாத்தான் சொல்லுறன், நல்லா எழுதியிருந்தன். முப்பது வருசமா நான் எழுதினதெல்லாம் ஒரு பக்கம், இந்த ஒரு அத்தியாயம் ஒரு பக்கம்.

றிக்சன் போனில கத்தினான். "வெடி எங்க அன்ரி?"

"வெடி இல்லை."

"வெடி இல்லாமல் எப்பிடி அன்ரி ஒரு வீரன் சாகிறது?"

"தம்பி, வெடிச்சுச் செத்தாக்களை நாங்கள் இங்க காணாமலோ? இது வெடிக்காமச் செத்தாக்களின்ர கதை. விருப்பமெண்டாப் போடு, இல்லாட்டி நீயே இருந்து எழுது."

அவனுக்கு எழுதத் தெரியாது. அச்சகத்தில திகதியும் குடுத்தாச்சு. அதால அப்பிடியே அடிச்சிட்டினம். மட்டையில மாஸ்டரின்ர பேர் யானையளவு, அதுக்குக் கீழ என்ர பேர் எறும்பளவு. எறும்பெண்டாலும் மட்டையில ஏறின எறும்பு. பஸ்ஸில போகேக்க மட்டை வெளியால தெரியப் பிடிச்சுக்கொண்டு போனன். ஒருதரும் பாக்கேல்ல. அடுத்தநாளும் பிடிச்சுக்கொண்டு போனன்.

பேந்துதான் கோதாரி துவங்கிச்சு.

எங்கட ஊரில ஒருத்தர் செத்தா, பிரேதம் வீட்ட வர முன்னம் சந்தியில பனர் வந்திடும். கண்ணீர் அஞ்சலி, மேல போட்டோ, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'அந்தரத்துறை' வாசகர் ஒன்றியத்துப் பெடியள் கெப்டனுக்கும் ஒண்டு அடிப்பம் எண்டு பனர்க் கடைக்குப் போயிருக்கினம். கடைக்காரர் படக்கதை ஓவியத்தைப் பாத்திட்டு, "இது சரிவராது. கண்ணீர் அஞ்சலிக்குக் கீறின படம் போடுறேல்ல. செத்த ஆளின்ர போட்டோ கொண்டுவாங்கோ" எண்டு திருப்பி அனுப்பிப் போட்டார். அவருக்கு அதொரு தொழில் ஒழுக்கம். பெடியள் யோசிச்சினம். கெப்டனின்ர முகம் ஆரின்ர முகம் எண்டு ஊருக்கே தெரியும். அந்தக் காலத்தில கிண்ணியாப் பாதையில, பாலம் வாறதுக்கு முந்தி, சனத்தையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரையில இறக்கின அந்த மிதவையில, ஆதம்பாவா எண்டொருத்தர் வேலை செய்தவர். நல்ல மீசை, நல்ல நெஞ்சு. ஓவியர் அவரைப் பாத்துத்தான் கெப்டனைக் கீறினவர். அண்டையில இருந்து கிண்ணியா முழுக்க அவரைக் கெப்டன் எண்டுதான் கூப்பிடும்.

விசருகள் என்ன செய்தினம்? ஆதம்பாவாவின்ர பேஸ்புக்குக்குப் போய், அவர் போன வருசம் ஒரு கலியாண வீட்டில கோட்டுப் போட்டு எடுத்த போட்டோவை இறக்கி, பனர்க் கடைக்குக் குடுத்திட்டினம். கீழ "எங்கள் கெப்டன், எம்மை விட்டுப் பிரிந்தார்" எண்டு எழுத்து. பஸ் நிலையத்தடியில ஒண்டு, மீன் சந்தையடியில ஒண்டு, கிண்ணியாப் பாலத்தடியில பெரிசா ஒண்டு.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சமைச்சுக்கொண்டு நிக்கிறன், வாசலில மோட்டச்சைக்கிள் சத்தம். எட்டிப் பாத்தா, கெப்டனின்ர முகம், அதே மீசை, இப்ப நரைச்சு மையடிச்சது. கையில ஒரு பனர் சுருட்டிக் கிடந்தது.

"இன்பமலர் எண்டுற புள்ள நீங்களா?"

"ஓம், ஆதம்பாவா நானா, உள்ளுக்கு வாங்கோ." கிண்ணியாவில அண்ணையை நானா எண்டுறது.

அவர் கதிரையில இருந்து பனரை நிலத்தில விரிச்சார். "தங்கச்சி, நான் மௌத்தாகல்ல, உசிரோடதான் இருக்கன்."

"தெரியுது நானா."

"என்ட பொண்டாட்டிக்கித் தெரியல்லயே! நான் குறிஞ்சாக்கேணியில வயலுக்குப் போன. போனும் செத்துப் போச்சி. திரும்பி வாறன், வாசல்ல கூடாரம், கதிரை, சனம். ஒரு ஆளுட்ட, ஆரு மௌத்து எண்டு கேட்ட. அந்தாளு திரும்பியும் பாக்கல்ல, 'கெப்டன்' எண்டு சென்னான்."

"ஐயோ கடவுளே! நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிற? ஒரு கதிரையில குந்தின." அவர் மீசையைத் தடவினார். "என்னப் பத்தி என்ன கதைக்காங்க எண்டு கேக்கணுமே. நல்லாத்தான் கதைச்சாங்க. என்ட மச்சான்காரன், பேசாம இருந்து எத்தின வருசம், அவன் ஏங்கி ஏங்கி அழுறான். பொறகு நான் எழும்பி நிண்ட ஒடன அழுகைய நிப்பாட்டிட்டு மொறைக்கான்."

நான் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினன். அவர் விடேல்ல, பனரில விரலை வைச்சார்.

"இதுதான் எனக்கு ஏலாம இருக்கு. அஞ்சு நேரம் தொழுற மனுசன் நான். ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு, தலைக்கு மேல ஒரு செறகு வச்ச புள்ள! இத யாரு போடச் சென்ன?"

"அது பனர்க் கடையில வழமையாப் போடுறது நானா. சம்மனசு. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

சண்டைக்கு வந்திருக்கிறார் எண்டுதான் நினைச்சன். ஆனா மனுசன் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சுக் கோப்பையைத் தள்ளி வைச்சார். பேந்து சொன்னார், மகள் அம்ரா அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசிச்சுக் காட்டினவளாம். ஆர் இந்தாளைச் சாகடிச்சது, எப்பிடிச் சாகடிச்சது எண்டு பாக்கத்தான் வாசிக்கச் சொன்னவராம்.

"ஊரடங்கு நேரம் தங்கச்சி, அந்தக் காலத்துல. என்ட வாப்பாக்கு நெஞ்சுல வருத்தம். நான் பாதையில வேல செய்யிற ஆளு, பாதை என்ட கையில. ஆனா எடுக்க அனுமதி வரல்ல. கேட்டிருக்கம், கேட்டிருக்கம் எண்டாங்க. அவங்களயும் கொற செல்ல ஏலாது, நல்லாத்தான் பேசினாங்க. அக்கரையில ஆசுபத்திரி வெளிச்சம் தெரியுது. வாப்பாட தல என்ட மடியில." அவர் கண்ணைத் துடைக்கேல்ல, வழிய விட்டார். "இது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்ச?"

"எனக்குத் தெரியாது நானா. எனக்குத் தெரிஞ்சது ஒரு வாசல் மட்டும்தான்."

"அந்த மௌத்த மாத்திராதீங்க. கொழும்புல மாத்தப் போறதாப் பேஸ்புக்குல போட்டிருக்கு. நீங்க மாத்திராதீங்க."

முப்பது வருசத்தில என்ர எழுத்தை வாசிச்சு ஒரு மனுசன் என்ர வீட்டுக்கு வந்து அழுதது அதுதான் முதல் தரம். "மாத்தமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டன்.

சொன்னது லேசு. ரெண்டு நாளில மாஸ்டர் வீட்டுக்குக் கூப்பிட்டினம். பனர் விசயம் உலகம் முழுக்கப் பரவி, ஆரோ போனில பிடிச்ச, செத்தவர் எழும்பின வீடியோவை ஆரும் பாக்காமல் விடேல்ல. புத்தகம் ஒரு கடையிலையும் மிச்சமில்லை. பாதிச் சனம் கெப்டனுக்கு அழுகுது, பாதிச் சனம் என்னை ஏசுது. மாஸ்டர் முதல் நாள் "எனக்குத் தெரியாமல் நடந்த கொலை" எண்டு பேட்டி குடுத்தவர். விற்பனையைக் கேட்டாப் பிறகு, "எனக்குத் தெரியாமல் ஏதும் நடக்குமோ?" எண்டு இன்னொரு பேட்டி குடுத்தார். ரெண்டும் ஒரே பேஸ்புக் பக்கத்தில கிடந்தது.

மாஸ்டர் கேடயம் நிறைஞ்ச அலுமாரிக்கு முன்னால இருந்தார். றிக்சன் பக்கத்தில கணினியோட.

"பிள்ளை, நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்" எண்டார் மாஸ்டர். "ஆனா நீர் ஒண்டை யோசிக்கவேணும். அந்தப் பாத்திரத்தை நான் பெத்தனான். நான் சாக்காட்டினா அது விதி. நீர் சாக்காட்டினா அது கொலை."

"வெடி வைச்சுச் சாக்காட்டச் சொன்னது ஆர் மாஸ்டர்?"

அவர் றிக்சனைப் பாத்தார். றிக்சன் கணினியைப் பாத்தான்.

"அன்ரி, ரெண்டாம் பதிப்புக்கு ரெண்டு வழி இருக்கு" எண்டான் றிக்சன். "ஒண்டு, கடைசிப் பக்கத்தை மாத்துறது. அனுமதி நேரத்துக்கு வந்திடும், கெப்டன் தப்பீடுவார், வாசகர்மாருக்குச் சந்தோசம். உங்கட பேர் மட்டையில இருக்கும். இப்ப இருக்கிறதை விடப் பெரிசா."

"மற்றது?"

"சாவு அப்பிடியே இருக்கும். ஆனா அது மாஸ்டர் ஆதியில இருந்து திட்டம் போட்டு வைச்ச சாவு. அப்ப மட்டையில அவர்ர பேர் மட்டும்."

ரெண்டு மட்டையையும் செய்து வைச்சிருந்தான், என்னட்டத் திருப்பிக் காட்டினான். முதல் மட்டையில மஞ்சள் எழுத்தில இன்பமலர். அப்பா, என்ன வடிவு! மாஸ்டரின்ர பேருக்குச் சரிசமனா, கப்பலுக்குப் பக்கத்தில. நான் கையால தொட்டுப் பாத்தன். ஆசைதான், ஏன் பொய் சொல்லுவான். ஒரு பக்கம் மாத்தினாப் போதும். ஒரு பக்கம்கூட இல்லை, கடைசியில நாலு வரி. "அனுமதி கிடைத்துவிட்டது கெப்டன், உள்ளே வாருங்கள்." எழுத எவ்வளவு நேரம் போகும்?

வாப்பாவின்ர தலையை மடியில வைச்சுக்கொண்டு அக்கரை வெளிச்சத்தைப் பாத்த மனுசனுக்கு நான் போய், அனுமதி நேரத்துக்கு வந்ததெண்டு சொல்லுறதோ?

"அனுமதி நேரத்துக்கு வராது மாஸ்டர்" எண்டன்.

"என்ன பிள்ளை?"

"அந்தாள் சாகட்டும். என்ர பேரை எடுங்கோ."

நிமிர்ந்து நடந்து வந்தன். வீட்ட வந்து கதவைச் சாத்தினாப் பிறகு நிமிர்வெல்லாம் போயிட்டுது. மாஸ்டரை ஏசினன், றிக்சனை ஏசினன், ஆதம்பாவா நானாவையும் ஏசினன். சட்டி மூடி ஒண்டு சுவரில பட்டு நெளிஞ்சு போச்சு. இருந்து நல்லா அழுதன்.

ரெண்டாம் பதிப்பு வெளியீடு நகரத்து மண்டபம் ஒண்டில நடந்தது. என்னை வரவேற்புக் குழுவில போட்டிருந்திச்சினம், பன்னீர் தெளிக்க. நான் தெளிக்கேல்ல, போய்க் கதிரையில இருந்தன். மாஸ்டர் பேசினார் பேசினார், மனுசனுக்கு இறங்க மனமில்லை. கெப்டனின்ர சாவை இத்தினை வருசமாத் தன்ர வயித்துக்க சுமந்தவராம். ஒருக்கா ஒரு வாசலில வெயிலுக்க மறிபட்டு நிண்டவராம், அப்ப உதிச்சதாம். கலியாண வீடு, செத்த வீடு, எல்லாத்துக்கும் கார் வந்து ஏத்திக்கொண்டு போற மனுசன். சனம் கண்ணைத் துடைச்சுது. எனக்கு வந்த விசருக்கு மேடையில ஏறியிருப்பன். முன் வரிசையில விருந்தாளியா இருந்த ஆதம்பாவா நானா திரும்பி என்னைப் பாத்தார்.

"புத்தகத்தில நீங்கள் என்ன எழுதச் சொன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவன்" எண்டு மாஸ்டர் சொல்லி முடிக்க, கைதட்டுக்கு மண்டபம் ஆடிச்சு. வரிசை பிடிச்சுது. ஒருத்தி பிறந்தநாள் வாழ்த்து எழுதுவிச்சாள். ஒருத்தன் மகனுக்குச் சோதினையில சித்தியடைய எழுதுவிச்சான். அந்தரத்துறை ரசிகர்மாரின்ர குணம் தெரியும்தானே, ஒருதரின்ர பிரதியில உள்ளது மற்றவையின்ரயில இல்லாட்டி நித்திரை வராது. ஒவ்வொருத்தரும் முன்னால நிக்கிற ஆளுக்கு என்ன எழுதப்படுகுதெண்டு எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டினம். கொம்பனிக்காரர் எல்லாத்தையும் நேரலையாப் பிடிச்சுக்கொண்டிருந்தினம்.

நானும் ஒரு புத்தகம் வாங்கினன். வரிசையில போய் நிண்டன். எனக்குப் பின்னால ஆதம்பாவா நானா தன்ர புத்தகத்தோட வந்து நிண்டார்.

என்ர முறை வந்தது. மாஸ்டர் நிமிராமல் பக்கத்தைத் திருப்பி, "என்ன எழுத?" எண்டார்.

"எழுதுங்கோ மாஸ்டர். 'இந்தக் கதையை எழுதினது இன்பமலர்.'"

பேனை நிண்டிட்டுது. மாஸ்டர் நிமிர்ந்து என்னைப் பாத்தார். முகம் கறுத்துப் போச்சு.

"இதென்ன விளையாட்டு பிள்ளை?" மெதுவாத்தான் கேட்டார்.

"கேட்டதை எழுதுவன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கமெரா அவர்ர முகத்துக்குக் கிட்ட வந்தது. பின்னால ஆரோ ஒருத்தி, "கெதியா மாஸ்டர், பஸ் போயிடும்" எண்டு கத்தினாள். மாஸ்டர் குனிஞ்சார். ஒரு மூலையில, குறுணி குறுணியா எழுதினார். கையெழுத்தை மட்டும் பெரிசாப் போட்டார். நான் புத்தகத்தை எடுத்து நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு ஒரு பக்கமா விலகினன்.

ஆதம்பாவா நானா தன்ர புத்தகத்தை மேசையில வைச்சார். பனரில கிடந்த அதே முகம். கமெராக்காரன் ஓடிப்போய் முன்னால நிண்டான்.

"தங்கச்சிக்கி எழுதினதயே எனக்கும் எழுதுங்க" எண்டார், மண்டபத்துக்கே கேக்க.

மாஸ்டருக்கு வேர்த்து ஒழுகிச்சு. எழுதினார்.

அவருக்குப் பின்னால கண்ணாடி போட்ட ஒரு பெட்டை, வாசகர் ஒன்றியத்துப் பனியனோட. எட்டி வாசிச்சவள், சத்தமா வாசிச்சாள், பேந்து தன்ர புத்தகத்தை நீட்டினாள். "மாஸ்டர், கெப்டனுக்கு எழுதினதே எனக்கும் வேணும்."

"எனக்கும் அதுதான்" எண்டான் அவளுக்குப் பின்னால நிண்டவன். அவனுக்குப் பின்னால நிண்டவன் ரெண்டு புத்தகம் வைச்சிருந்தான், ரெண்டிலையும் வேணுமாம். முதலே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்ப் படியில நிண்டவையும் ஓடி வந்து வரிசையின்ர வாலில ஒட்டிச்சினம்.

மாஸ்டர் எழுதினார். எழுத்துப் போகப்போகக் குறுகி, மையும் மங்கி, கடைசியாப் பேனை எழுதாமல் விட்டிட்டுது. அவருக்கு முகத்தில ஒரு நிம்மதி வந்ததை நான் என்ர கண்ணால பாத்தன். றிக்சன் ஓடி வந்து, சட்டைப் பையில இருந்து புதுப் பேனை ஒண்டை எடுத்து, மூடியையும் கழட்டி அவர்ர கையில குடுத்தான்.